நாற்பத்தொரு பொட்டு

நாங்கள் அப்போது குடியிருந்தது மலாய் நாட்டில், ஆயர் ஈத்தாம் போகும் வழியில், ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் திடலில் சிப்பாய்கள் சுட்டுப் பழகினார்களாம். பிறகு வரிசை வரிசையாகக் கட்டடம் எழுப்பி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து அடைத்தவர்கள், பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பெயருக்காகவே அங்கே வாடகைக்கு வரவில்லை என்று என் அண்ணன் சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன். துப்பாக்கி என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

சுடுகிற பைத்தியம் இல்லை. அவர் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. துப்பாக்கியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிற பைத்தியம். ஜெலுத்தோங்கில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் லேத் மெஷினில் வேலை செய்தார். எங்கள் குடும்பம் பரம்பரையாகப் பேனா பிடித்த குடும்பம். மூத்த மகன் எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வருவதை அப்பா கடைசிவரை ஜீரணிக்கவே இல்லை. அதனாலோ என்னவோ, தன் கையால் எதையாவது செய்து காட்டிவிட வேண்டும் என்ற வெறி அண்ணனுக்கு உள்ளே கிடந்தது.

வார இறுதியில் பயிற்சி கொடுக்கும் தொண்டர் படையில் அவர் சேர்ந்திருந்தார். அங்கே ஆளுக்கொரு ரைஃபிள், அதில் இருபது குண்டு பிடிக்கும் பெட்டி. அது முடிந்தால் கழற்றி வேறு பெட்டி மாட்ட வேண்டும். ஒருநாள் இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். குண்டுகளை வரிசையாகக் கோர்த்த பட்டை ஒரு பக்கம் உள்ளே போக, மறுபக்கம் வெறும் கூடுகள் கொட்டியிருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்தவர் சோறு சாப்பிடவில்லை. சாதாரண ரைஃபிளுக்கும் இதே மாதிரி பட்டையால் ஊட்டினால் என்ன என்று கேட்டுக்கொண்டே கூடத்தில் நடந்தார். கூடம் என்றால் ஆறு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அதில் எத்தனை தடவை திரும்பினார் என்று எனக்கே தலை சுற்றியது.

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் விற்பவரிடம் வெளிநாட்டுத் துப்பாக்கிப் பத்திரிகைகள் கிடைத்தன. அமெரிக்காவில் சிலர் ரைஃபிளை அப்படி மாற்றிக் கொடுக்கிறார்களாம், பணம் கட்டினால் தபாலிலேயே பாகங்கள் வருமாம். அண்ணன் அந்தப் பக்கத்தைக் காட்டி, பார்த்தியா பார்த்தியா என்றார். நான் பார்த்தேன். அந்த ஊரில் அது பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் அது கழுத்துக்கு வருகிற விஷயம்.

எனக்கு அது நன்றாகவே தெரியும். லைட் தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. டுரியான் தோட்டத்தில் அணில் சுடுவதற்குத் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு லைசன்ஸ் புதுப்பிக்கும் மனுக்களை நான்தான் தட்டச்சு செய்வேன். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வாங்கிய தோட்டா எத்தனை, சுட்டது எத்தனை என்று கேள்வி வரும். அதெல்லாம் பரவாயில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் வேறு சில கோப்புகள் இருந்தன. அவற்றைத் தட்டச்சு செய்த நாட்களில் நான் மத்தியானம் சாப்பிட வெளியே போகமாட்டேன். நாடு முழுவதும் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்த காலம். அனுமதி இல்லாமல் கையில் துப்பாக்கி இருந்தால் தூக்கு. துப்பாக்கியே இல்லாமல் ஒரே ஒரு குண்டு இருந்தாலும் தூக்குத்தான். நீதிபதிக்கே இரக்கம் வந்தாலும், குறைத்துக் கொடுக்க வேறு தண்டனை அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார். அவர் கையில் இருந்தது துப்பாக்கி இல்லை. பலகைத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு கட்டை. பக்கத்தில் ஒரு கைப்பிடி. கரும்புச் சாறு பிழிகிற மெஷின் மாதிரி அதைச் சுற்றினால் பட்டையை உள்ளே இழுக்கும். மரக்கட்டைக்குமாடா லைசன்ஸ் என்று கேட்பார். பட்டைக்கு வேண்டிய கூடுகளைப் பயிற்சித் திடலிலிருந்து கொண்டுவந்தார். சுட்டு முடித்ததும் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் லாலான் புல்லுக்குள் விழுந்தது விழுந்ததுதான், யாரும் பல்லால் கவ்வி எடுக்கப் போவதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று அவர் சட்டைப் பைக்குள் வந்தது. கூட்டுக்கு முன்னால் குண்டின் மூக்கு இல்லாவிட்டால் நீளம் சரியாக இருக்காது என்று பட்டறையில் பித்தளையில் மூக்கு கடைந்து பொருத்தினார். பிஸ்கட் டின் தகரத்தை வெட்டிக் கண்ணி செய்து கோர்த்தார். எட்டு மாதம் ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து அவரே ஒத்துக்கொண்டார், இது சரிப்பட்டு வராது என்று. பெட்டியில் இருக்கும் சுருள்வில் குண்டை மேலே தள்ளிக் கொடுத்துவிடும். பட்டை அப்படி இல்லை. தொங்குகிற கனம் முழுவதையும் துப்பாக்கியே தன் பலத்தில் இழுத்தாக வேண்டும். அந்தப் பலத்தை எங்கிருந்து எடுப்பது, எடுத்தாலும் அவ்வளவு வேகத்தில் சுட்டால் மெல்லிய குழல் சூடு தாங்குமா, தாங்கினாலும் பட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓட இன்னொரு ஆள் வேண்டாமா என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டார். கைப்பிடியைச் சுற்றினால் ஏழாவது எட்டாவது கண்ணியில் சிக்கி நின்றது. ஒருநாள் கட்டையை அலமாரிக்குப் பின்னால் செருகினார். பட்டையை இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடியில் போட்டார். விட்டது சனி என்று நான் நினைத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வேலை நாளில் வந்தது. எங்கள் வக்கீல் நம்ம ஆள் என்பதால் மத்தியானத்தோடு விட்டுவிட்டார். பஸ் பிடித்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அண்ணிக்கு அப்போது ஏழாவது மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. குனிய முடியாத நிலையிலும் வீட்டைக் கழுவி, முருகன் படத்துக்குக் கீழே பலகை போட்டு வெள்ளைத் துணி விரித்து, அண்ணனின் அரம், ஸ்பானர், அளவுகோல், என்னுடைய பேனா, தன்னுடைய தையல் மெஷினின் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். அடுக்கிவிட்டு, அந்தப் பட்டையை எடுத்து முருகனுக்கு மாலையாகப் போட்டிருந்தார்.

எனக்கு ஒரு நிமிடம் அது என்னவென்றே தெரியவில்லை. அப்படி மின்னியது. கருவிப் பெட்டியைக் காலி செய்தபோது கிடைத்ததாம். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கினாராம். இதை ஏன் அண்ணி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. மற்றதெல்லாம் கடையில் வாங்கியதாம். அண்ணன் தன் கையாலேயே செய்தது இது ஒன்றுதானாம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று, ஒற்றைப்படை, நல்ல கணக்கு என்று வேறு சந்தோஷப்பட்டார்.

வெறும் கூடுதானே என்று நானும் விட்டேன். மற்றக் கருவிகளுக்கு அவரே பொட்டு வைத்துவிட்டார். மாலையைத் தூக்கிப் போட்டதிலேயே கை சோர்ந்துவிட்டது என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். குண்டுகளின் அடிப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார். பார்க்க வட்ட வட்டமாகப் பூப்போல இருந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்துக்கொண்டு போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுட்ட குண்டின் அடியில், நடுவில், சின்னதாக ஒரு குழி இருக்கும். துப்பாக்கியின் ஊசி குத்திய இடம். அந்தக் குழியில்தான் பொட்டு போய் உட்கார்ந்தது. விரலை வைத்தால் தானாக நடுவுக்குப் போயிற்று. எனக்கே அந்த வேலை பிடித்துப்போய், அடுத்தது அடுத்தது என்று வைத்துக்கொண்டு வந்தேன். இருபதைத் தாண்டி எங்கேயோ ஒன்றில் விரல் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சந்தனம் மேலேயே நின்றது. குனிந்து பார்த்தேன். குழி இல்லை. வழவழவென்று இருந்தது.

ஊசி குத்தாத குண்டு. சுடாத குண்டு. அண்ணி அதைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார், வயிற்றில் பிள்ளையோடு.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மறைக்க வேண்டும் என்பதுதான். கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை வழித்து அந்த ஒன்றின் மேல் அப்பினேன். அதற்கு மேல் குங்குமத்தை அள்ளி வைத்தேன். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மிச்சத்துக்கும் பொட்டு வைத்து முடித்தேன்.

அண்ணன் ஐந்தரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மாலையைப் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"ஒன்னு நெசமானதுண்ணே" என்றேன்.

"தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

"மத்த நாப்பதுக்கும் மூக்கு நான் கடைஞ்சது. அதுக்கு மட்டும் கடையல."

புல்லுக்குள் வெறும் கூடு என்று நினைத்து அள்ளியதில் அதுவும் வந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய துப்பாக்கி சிக்கி, உதறியபோது விழுந்ததாக இருக்கும். வீட்டுக்கு வந்துதான் பார்த்திருக்கிறார். திருப்பிக் கொடுக்கப் போனால் கூடுகளைப் பற்றிக் கேட்பார்கள். சாக்கடையில் போட்டால் அடுக்குமாடிப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும். மூன்று மாதம் யோசித்தாராம். கடைசியில் பட்டையிலேயே கோர்த்துவிட்டாராம்.

"நாப்பது பொய்க்கு நடுவுல ஒரு நெசம் இருந்தா யாருக்குடா தெரியப்போவுதுன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். பயம்தான் கையைப் பிடித்துக்கொண்டது. நான் லைட் தெருவில் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த மனிதர், அதே வீட்டில், நான் படுக்கிற பாய்க்கு நாலடி தள்ளி இதை வைத்திருக்கிறார். இப்போதே கழற்றிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தோம். வாசலில் கோப்ரல் நின்றுகொண்டிருந்தார்.

கோப்ரல் என்றால் எங்கள் மாடியில் மூன்று கதவு தள்ளிக் குடியிருந்த போலீஸ்காரர். மலாய்க்காரர். பத்து காவான் எஸ்டேட்டில், தமிழ்த் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். ஒவ்வொரு வருடமும் எங்கள் ஆயுத பூஜைக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார். சாமிக்குப் படைப்பதற்கு முன்பே அவர் வீட்டுக்கு என்று சுண்டலும் வடையும் கேசரியும் தனியாக எடுத்து மூன்றடுக்கு டிப்பன் கேரியரில் அண்ணி வைத்துவிடுவார். படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. யாரும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. தீபாராதனை முடியும்வரை அவர் நடைபாதையில் நிற்பார். முடிந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி குடிப்பார்.

போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க மாலையைக் கழற்றுவதா? அண்ணியும் விடமாட்டார். சாமிக்கு வைத்த கருவியை மறுநாள் காலை பூஜை முடியும்வரை நகர்த்தக் கூடாது. ஏன் கழற்றுகிறீர்கள் என்று அண்ணி கேட்டால் என்ன சொல்வது? மணியை அடிக்க என்னிடம் கொடுத்தார்கள். அண்ணன் கற்பூரம் காட்டினார். தட்டு மேலும் கீழும் போகிறபோது நாற்பத்தொரு குண்டும் மாறி மாறி மின்னின. என் கண் ஒன்றின் மேலேயே இருந்தது. பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அங்கேயே போயிற்று.

கோப்ரல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முருகனுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரம். மாலை ரொம்ப அழகாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். அண்ணி பெருமையாக அண்ணனைக் காட்டினார். வெறும் கூடுதான், தகரத்தில் கோர்த்தது என்று அண்ணன் சொன்னார். கோப்ரல் தலையை ஆட்டினார். காப்பியை மெதுவாகக் குடித்தார். பிறந்ததிலிருந்து யாரும் அவ்வளவு மெதுவாகக் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. நடுவில் தொண்டர் படையில் கூட்டை எண்ணி வாங்க மாட்டார்களா என்று ஒரு கேள்வி. வாங்குவார்கள் என்றார் அண்ணன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டிப்பன் கேரியரை வாங்கிக்கொண்டு, அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் பூஜையை முடித்துவிட்டு அண்ணன் அண்ணியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி அழுவார், கத்துவார் என்று நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"தூக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கொண்டுபோய்ப் போலீஸில் ஒப்படைக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல எண்ணத்தில் வந்தான் என்று எழுதுவார்களா, மாதக்கணக்கில் வைத்திருந்தான் என்று எழுதுவார்களா? நாற்பது கூடும் வெளியே வரும், துப்பாக்கியை மாற்ற நினைத்துச் செய்த கட்டையும் வெளியே வரும். அண்ணி என்னைப் பேசி முடிக்க விடவில்லை. பூஜைப் பூவைக் குப்பையில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் ஏறிக் கடலில் விட்டுவிட்டு வருவது அவர் வழக்கம்.

"பூவோட போவட்டும்" என்றார்.

அவரே பட்டையைச் சுருட்டி நடுவில் வைத்து, வாடிய சாமந்தியும் மல்லிகையும் வெற்றிலையும் சுற்றிலும் அடைத்து, பேப்பரில் கட்டினார். அண்ணனைப் பட்டறைக்குப் போகச் சொன்னார். போகாமல் இருந்தால் ஏன் போகவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். எனக்கும் அண்ணிக்கும்தான் ஃபெரி. பொட்டலத்தை நான் வாங்கிக்கொண்டேன். பூப்பொட்டலம் அவ்வளவு கனமாக இருக்காது. அதைக் கனமில்லாத மாதிரி பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

கீழே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு பழைய டட்சன் வந்து நின்றது. உள்ளே யூனிஃபார்மில் கோப்ரல். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பூ விடப் போகிறோம் என்று அண்ணி சொன்னதும், தானும் ஃபெரிப் பக்கம்தான் டியூட்டிக்குப் போவதாகச் சொல்லிப் பின்கதவைத் திறந்துவிட்டார். வேண்டாம் என்றோம், பஸ் வந்துவிடும் என்றோம். ஏழு மாதத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன வேண்டாம் என்று அதட்டினார். அண்ணி பின்னால் ஏறினார். நான் முன்னால், மடியில் பொட்டலத்தோடு, போலீஸ்காரருக்குப் பக்கத்தில். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த வெறுப்பை இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. நேற்றுப் பார்த்துவிட்டான், மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறான், நேராக ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுபோகப் போகிறான் என்று நினைத்தேன். அவன் இவன் என்றுதான் நினைத்தேன்.

டத்தோ கிராமாட் சாலையைத் தொடும் முன்னே வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்பிளாக். ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பின்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிப் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். ஒரு சீனக் கிழவியின் காய்கறிக் கூடையைக்கூட விடவில்லை. எனக்கு வியர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பின்னால் அண்ணி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கோப்ரல் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த தன் தொப்பியை எடுத்து என் மடியில், பொட்டலத்தின் மேல் வைத்தார்.

"பிடிச்சிக்க தம்பி, வழுக்கி வழுக்கி விழுது" என்றார்.

துப்பாக்கி மாட்டியிருந்த ஒரு சின்னப் போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்தார். கோப்ரல் மலாயில் ஏதோ தமாஷ் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள், சாமி பூ விடப் போகிறார்கள் என்றும் சொன்னார். அந்தச் சின்னப் போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். சலூட் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நல்ல காலம், தப்பித்தோம் என்று நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். முருகனுக்கு மட்டும்தான் சொன்னேன்.

ஃபெரியின் கீழ்த்தட்டில், சங்கிலி போட்ட ஓரத்தில் நின்று, நடுக்கடல் வந்ததும் அண்ணி பொட்டலத்தை விட்டார். பேப்பர் பிரிந்தது. பட்டை ஒரு நொடிகூட மேலே நிற்கவில்லை. பூ மட்டும் வெகுதூரம் எங்கள் பின்னாலேயே வந்தது. அண்ணி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். சாயங்காலம் அண்ணன் அந்தக் கட்டையை உடைத்துச் சிராய் சிராயாக்கினார். தொண்டர் படையை விட்டும் விலகிவிட்டார். டிசம்பரில் பெண் பிறந்தாள்.

கோப்ரல் வீட்டு அம்மா டிப்பன் கேரியரை எப்போதும்போலக் குயே பலகாரம் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டோம், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பயம். கோப்ரல் எதையாவது பார்த்திருப்பாரோ, பேச்சுக் கொடுத்தால் எதையாவது கேட்டுவிடுவாரோ என்று பயம். நடைபாதையில் அவர் வந்தால் நான் படியில் இறங்கிவிடுவேன். அடுத்த ஆயுத பூஜையைக் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டோம். மணி அடித்தால் கேட்கும் என்று அடிக்கவே இல்லை. சுண்டல் அனுப்பவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான்.

பிறகு அவருக்குக் கெடாவுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றும் நாளில் எங்கள் மாடி ஆண்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள், நான் மட்டும் போகாமல் இருக்க முடியவில்லை. அங்கே லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடியில் நிற்காது. ஒரு மர அலமாரியை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினோம். அவர் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். இரண்டு மாடி இறங்கியதும் மூச்சு வாங்க இறக்கி வைத்தோம். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

"ரெண்டு வருஷமா பூசைக்கு லீவு போட்டேன் தம்பி, நீங்க கூப்பிடல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் எதையோ உளறினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மாலையில மத்ததுக்கெல்லாம் பொட்டு உள்ள எறங்கி இருந்துச்சி. ஒன்னுல மட்டும் மேல நின்னுச்சி. அதுலதான் நீ கிண்ணத்துச் சந்தனத்தையெல்லாம் அப்பி வச்சிருந்த."

மறைக்கிறேன் என்று நான் அப்பியதுதான் அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. கோப்பைக் காப்பியை அவ்வளவு மெதுவாகக் குடித்தது எதற்கென்று அப்போது தெரிந்தது. தொப்பி எதற்கென்றும் தெரிந்தது. அந்த ரோட்பிளாக்கில் பொட்டலத்தைப் பிரித்திருந்தால் அண்ணனோடும் என்னோடும் அவருடைய கழுத்தும் போயிருக்கும்.

"அங்க ரோட்பிளாக் இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"போட்டதே எங்க ஆளுங்கதானே. வருஷா வருஷம் நீங்க பூ விடப் போறது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் காலையிலேருந்து கீழ வண்டியில உக்காந்திருந்தேன்."

ஏன் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்டேன். அவர் படியில் கீழே பார்த்தார். அண்ணன் மகள் யாரோ ஒருவர் கையைப் பிடித்துத் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு அப்பா வேணும் லா" என்றார்.

பிறகு தன் பக்கத்தைத் தூக்கினார். நான் என் பக்கத்தைத் தூக்க வேண்டும். கொஞ்ச நேரம் என்னால் முடியவில்லை.